தாத்தா வீட்டில் தண்ணீர் இல்லை

அறுபது வயது வரை அவருக்குக் கோடை என்றால் வசவு வாங்கும் காலம். குடிநீர் நிலையத்தில் வால்வு திறந்து மூடுவது வேலை. எந்தத் தெருவுக்கு எப்போது தண்ணீர் என்று தீர்மானிப்பவர்கள் மேலே மின்விசிறிக்கு அடியில் இருந்தார்கள். அதற்குத் திட்டு வாங்க இவர் கீழே தெருக் குழிக்குள் குனிந்திருந்தார். குனிந்த முதுகின் மேல் விழுந்த வார்த்தைகளைக் கேட்டுக் கேட்டு, ஒரு மனிதனின் பரம்பரையை எத்தனை விதமாக இழுக்கலாம் என்பதில் அவருக்குத் தனிப் புலமையே வந்துவிட்டது.

அந்த வேலையில் ஒரு வழக்கம் உண்டு. வால்வை மூடினால் அதன் கைப்பிடியில் ஒரு துணிக் கிழிசலைக் கட்டிவிட்டு வர வேண்டும். வேண்டுமென்றே மூடியிருக்கிறது, யாரும் தொடாதே என்று அடுத்த ஆளுக்கு அடையாளம். கிழிசல் கட்டாமல் வந்த ஒருவன் ஒருமுறை ஒரு தெருவையே மிதக்க விட்டிருக்கிறான். அதனால் பழைய சட்டை, பழைய பாவாடை எதுவானாலும் வீட்டில் உட்கார்ந்து பட்டை பட்டையாகக் கிழித்துக் கொடுப்பது மகளின் வேலையாக இருந்தது. பள்ளி விடுமுறையில் அவளுக்குக் கிடைத்த ஒரே பொழுதுபோக்கும் அதுதான். கடலுக்கும் மலைக்கும் போய்வந்த வகுப்புத் தோழிகளைப் பார்த்துவிட்டு, "எங்கயாவது போலாம்பா" என்று கேட்பாள். "ஊருக்கே தண்ணி இல்லம்மா. நான் எப்படி வர்றது?" என்பார். அவளும் அடுத்த சட்டையைக் கிழிக்க ஆரம்பிப்பாள்.

அறுபதில் ஒரு கடிகாரத்தைக் கையில் கொடுத்து, இனிமேல் நேரம் பார்க்க வேண்டிய தேவையே இல்லை என்று வீட்டுக்கு அனுப்பினார்கள்.

அதற்குப் பிறகு அவருடைய கோடையும் மற்றவர்களின் கோடையைப் போலவே ஆனது. அதாவது, பேரப்பிள்ளைகள் வருவார்கள். காலையில் பூங்காவில் அவரோடு நடக்கும் கூட்டத்தில் இதைத் தவிர வேறு பேச்சே கிடையாது. "எங்க வீட்ல அடுத்த வாரம் இறங்குறாங்க," என்று ஓய்வுபெற்ற தலைமை எழுத்தர் சொல்வார். அவர் பிள்ளைகளைச் சொல்கிறாரா பாராசூட் படையைச் சொல்கிறாரா என்பது முகத்தைப் பார்த்தால் தெரியாது. "சந்தோஷம்தானே, சார்?" என்று யாராவது கேட்டால், "பின்ன இல்லையா!" என்று எல்லோரும் ஒரே குரலில் சொல்லிவிட்டு, அடுத்த சுற்றைக் கொஞ்சம் வேகமாக நடப்பார்கள். பேரப்பிள்ளைகளால் களைப்பாக இருக்கிறது என்று வாய்விட்டுச் சொன்ன தாத்தா இந்தப் பூமியில் இன்னும் பிறக்கவில்லை.

வால்வும் சொன்னதில்லை. பூங்காவில் அவர் பெயர் அதுதான். வருடம் முழுக்கத் தொலைபேசியில், "எப்போம்மா வர்றீங்க? வீடே வெறிச்சோடிக் கிடக்கு" என்று மகளை நச்சரிப்பவரே அவர்தான். பேரன் தொலைபேசியில் பாட்டுப் பாடினால் கண் கலங்குவார். தொலைபேசியில் பேரன் நல்ல பையன். பாடி முடித்ததும் வைத்துவிடலாம்.

இந்த வருடம் மகள் ஒரு மாதத்துக்கு வந்தாள். மருமகனுக்கு வேலை, விடுப்பு இல்லை. அதனால் அவளும் எட்டு வயதுப் பெரியவனும் ஐந்து வயதுச் சின்னவளும் மட்டும். வந்த அன்று அவர் இரண்டு பேரையும் தூக்கித் தட்டாமாலை சுற்றினார். மறுநாள் இடுப்பில் தைலம் தேய்த்துக்கொண்டார். மூன்றாம் நாள் அவருடைய நாற்காலி பேருந்தின் ஓட்டுநர் இருக்கை ஆனது. அவர் படிக்காத செய்தித்தாள் ஓட்டுநரின் தொப்பி ஆனது. மத்தியானம் கொஞ்சம் கண்ணசந்தால், வயிற்றின் மேல் ஒரு பயணி ஏறி, "தாத்தா, டிக்கெட்!" என்று கத்தும். நான்காம் நாள் அவருடைய பல் துலக்கும் பிரஷால் சின்னவள் பொம்மைக்குத் தலை வாரிக்கொண்டிருப்பதை அவர் கண்டார்.

"எத்தனை நாளாம்மா இதால வாரிட்டு இருக்கே?"

"டெய்லி, தாத்தா. கழுவி வச்சுடுவேன்."

அவர் மனைவியிடம் போய் நின்றார். மனைவி அடுப்படியில் தோசைக்கல்லையோ வாணலியையோ, அன்றைக்கு எத்தனையாவது தடவையாகவோ, தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, என்ன?"

"ஒண்ணுமில்ல. குழந்தைங்க நல்லா வெளையாடுதுங்க."

"ஆமா," என்றாள் மனைவி. கை தேய்ப்பதை நிறுத்தவில்லை.

மறுநாள் காலையில் அவர் மொட்டை மாடிக்குப் போனார். துணி காய்ந்துவிட்டதா என்று பார்க்கத்தான் போனார். நீதிமன்றத்தில் நிறுத்திக் கேட்டாலும் அப்படித்தான் சொல்வார். அந்தக் கட்டடத்தில் ஒவ்வொரு வீட்டுக்கும் மாடியில் தனித்தனித் தொட்டி. கீழிருந்து மோட்டார் ஏற்றும் தண்ணீர் ஒரே குழாயில் மேலே வந்து, அங்கிருந்து கிளை கிளையாகப் பிரிந்து தொட்டிகளில் விழும். ஒவ்வொரு கிளைக்கும் கைக்கடக்கமாக ஒரு வால்வு. தன் வீட்டுக் கிளைக்கு முன்னால் அவர் குந்தி உட்கார்ந்தார். முழங்கால் சொடக்குப் போட்டது. சுற்றுமுற்றும் பார்த்தார். வாழ்நாள் முழுக்க நடுத்தெருவில், பத்துப் பேர் திட்டத் திட்ட வால்வு மூடிய மனிதர், முதல்முறையாகத் திருடனைப் போல மூடினார். மனம் படபடவென்று அடித்துக்கொண்டது. கைக்கு அந்தப் பதற்றமெல்லாம் இல்லை. அது பழகிய வேலையைப் பழகியபடி செய்து முடித்தது. அவர் இறங்கி வந்துவிட்டார்.

திட்டம் எளிமையானது. தண்ணீர் இல்லாத வீட்டில் இரண்டு குழந்தைகளை வைத்துக்கொண்டு எந்தத் தாயும் இருக்க மாட்டாள். பாவம், கிளம்பிவிடுவாள். அவர் வருத்தத்தோடு வழியனுப்புவார். உண்மையாகவே வருத்தப்படுவார் என்பதில் அவருக்கே சந்தேகம் இல்லை.

தொட்டி தீர்ந்தபோது பெரியவன் குளியலறையில் தலை முழுக்கச் சோப்பு நுரையோடு நின்றுகொண்டிருந்தான்.

"தாத்தா! கண்ணு எரியுது! தண்ணி நின்னு போச்சு!"

அவர்தான் முதலில் ஓடினார். குடிக்க வைத்திருந்த தண்ணீரை எடுத்து அவன் கண்ணைக் கழுவினார். கண்ணைத் திறந்ததும் அவன் சொன்ன முதல் வார்த்தை: "நல்ல வேளை, நீங்க இருந்தீங்க, தாத்தா."

அப்போதே ஓடிப்போய்த் திறந்திருக்கலாம். ஆனால் மகள் வந்து, "என்னப்பா ஆச்சு?" என்று கேட்டாள். தயார் செய்து வைத்திருந்த பதில் தானாக வெளியே வந்துவிட்டது.

"கோடைம்மா. அழுத்தம் இல்ல. மெயின்லயே கோளாறு. மழை வர்ற வரைக்கும் இப்படித்தான் இருக்கும்."

கீழ் வீட்டுத் தையல்காரம்மா அளவு நாடாவைக் கழுத்தில் போட்டபடி எட்டிப் பார்த்தாள். "எங்க வீட்ல நல்லா வருதே, சார்?"

"கீழ இருக்கிறவங்களுக்கு வரும்மா. இது நீர்ம அழுத்தம். மேல ஏற ஏற குறையும்."

"உங்களுக்கும் மேல, ரெண்டாவது மாடிலயும் வருதுங்களே?"

"அது... அவங்க குழாயோட வளைவு வேற மாதிரி."

தையல்காரம்மா மரியாதையாகத் தலையாட்டினாள். வைத்தியர் காய்ச்சல் என்றால் காய்ச்சல்தான். தண்ணீர் விஷயத்தில் அந்தக் கட்டடத்தில் அவர் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. இத்தனை வருடத்தில் சேர்த்து வைத்த மரியாதை அத்தனையும் ஒரே நாளில் அவருக்குப் பயன்பட்டது.

இனி மகள் பெட்டி கட்டுவாள் என்று காத்திருந்தார். மகள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு குடத்தை எடுத்தாள்.

"இந்த நெலமைல உங்க ரெண்டு பேரையும் தனியா விட்டுட்டு நான் எப்படிப்பா போறது? அவர்கிட்ட பேசிட்டேன். மழை வர்ற வரைக்கும் இருக்கோம். ஸ்கூல் தெறக்க இன்னும் நாள் இருக்கே."

அவர் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

அன்றிலிருந்து கீழ் வீட்டுக் குழாயிலிருந்து மேல் வீட்டுக்குத் தண்ணீர்ப் போக்குவரத்து தொடங்கியது. பிள்ளைகளுக்கு அதைவிடப் பெரிய கொண்டாட்டம் இல்லை. பெரியவன் சின்ன வாளியோடும் சின்னவள் ஒரு தேநீர்க் கெட்டிலோடும் படியேறி இறங்கினார்கள். ஏறும்போது கெட்டிலில் இருந்த தண்ணீரில் பாதி படிக்கட்டுக்கும், மீதியில் பாதி அவளுடைய கவுனுக்கும் போனது. "தாத்தா, உங்களுக்காக!" என்று மிச்சத்தை அவர் காலடியில் வைத்துவிட்டு மறுபடி ஓடினாள். மனைவி, முழங்கால் வலிக்காக வைத்தியர் படியே ஏறக்கூடாது என்று சொல்லியிருந்த மனைவி, கைப்பிடிச் சுவரைப் பிடித்துப் பிடித்து ஒரு குடம் கொண்டுவந்தாள்.

அவர் துள்ளி எழுந்தார். "குடு, நான் எடுத்துட்டு வர்றேன்!"

"நீங்க உக்காருங்கப்பா," என்றாள் மகள். "காலம் பூரா ஊருக்கே தண்ணி விட்டீங்க. இப்போவாவது நாங்க செய்யறோம்."

அவரை அவருடைய நாற்காலியிலேயே உட்காரவைத்தார்கள். பேருந்து நின்றுவிட்டிருந்தது, ஓட்டுநருக்கு வேறு வேலை. கையில் கசங்காத செய்தித்தாள். கேட்டதெல்லாம் கிடைத்துவிட்டது. அவர் முதல் பக்கத்தை விரித்து, மூச்சு வாங்கும் சத்தங்கள் வாசலைக் கடந்து போவதைக் கேட்டுக்கொண்டிருந்தார். எந்தச் செய்தியும் மண்டையில் ஏறவில்லை.

போதாக்குறைக்குக் கண்ணாடி துடைக்கும் துணியையும் காணவில்லை. பழைய நீலச் சட்டையிலிருந்து கிழித்தது. எப்போதும் சட்டைப் பையில் இருக்கும். இரண்டு பையையும் துழாவிவிட்டுக் கத்தினார்.

"யார் எடுத்தது? இந்த வீட்ல ஒரு பொருள் வச்ச எடத்துல இருக்குதா? பொம்மைக்குப் போர்வை போத்திட்டியா?"

சின்னவள் கெட்டிலோடு அப்படியே நின்றாள். "நான் எடுக்கல, தாத்தா."

"நீயும் எடுக்கல, அவனும் எடுக்கல. துணிக்குக் கால் மொளைச்சு நடந்து போச்சு!"

குழந்தையின் உதடு பிதுங்கியது. மகள் வந்து அவளைத் தூக்கிக்கொண்டு, "தேடித் தர்றேம்பா," என்றாள். அவ்வளவுதான்.

எப்படியாவது போய்த் திறந்துவிடுவது என்று மத்தியானம் முடிவு செய்தார். மாடிக்குப் போனால் தையல்காரம்மா அங்கே நிழலில் உட்கார்ந்து பொத்தான் கட்டிக்கொண்டிருந்தாள். சாயங்காலம் போனால் பெரியவன் பின்னாலேயே வந்தான். "எங்க தாத்தா போறீங்க? காத்து வாங்கவா? நானும்!" மறுநாள் காலையில் போனால் இரண்டாவது மாடிக்காரர் தன் தொட்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். மூடுவதற்குக் காலியாகக் கிடந்த மாடி, திறக்கப் போனால் சந்தையாக இருந்தது. பூங்காவில் தலைமை எழுத்தர், "உங்க வீட்ல எப்படி, நல்லாப் பொழுது போகுதா?" என்று கேட்டார். "பின்ன இல்லையா!" என்று சொல்லிவிட்டு, அவர் வேகமாக ஒரு சுற்றுப் போனார்.

நடந்து முடித்து வீட்டு வாசலுக்கு வந்தபோது ஒரே கூச்சல். குளியலறைக் குழாய் கொட்டிக்கொண்டிருந்தது. அடுப்படிக் குழாய் கொட்டிக்கொண்டிருந்தது. பிள்ளைகள் இரண்டும் தொப்பலாக நனைந்து குதித்துக்கொண்டிருந்தன. மனைவி வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தாள்.

"தாத்தா! தண்ணி வந்துடுச்சு! நீங்கதான் சரி பண்ணீங்களாம்!"

"நானா?"

"அம்மா சொன்னாங்க."

மகள் கைகளைத் துடைத்தபடி வெளியே வந்தாள். "ஆமாப்பா. காலைல மாடிக்குப் போய் ஏதோ பண்ணிட்டு வந்தீங்கல்ல. அதுதான்."

"நான் சொல்லல?" என்றாள் வாசலில் நின்ற தையல்காரம்மா. "சார் கை பட்டா குழாய் பேசும்! இனி எங்க வீட்டுக் குழாய் மக்கர் பண்ணினாலும் உங்களைத்தான் கூப்பிடுவேன்." பெரியவன் கைதட்டினான். சின்னவள், நேற்றைய திட்டையெல்லாம் மறந்துவிட்டு, ஈரக் கையோடு அவர் காலைக் கட்டிக்கொண்டாள். அவர் மகளைப் பார்த்தார். மகள் அவரைப் பார்க்கவில்லை. ஈரத் துணி வாளியைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போய்விட்டாள்.

கொஞ்ச நேரம் கழித்து அவரும் போனார்.

வால்வு முழுசாகத் திறந்திருந்தது. தொட்டிக்குள் தண்ணீர் விழும் சத்தம், முப்பது வருடமாக அவருக்குப் பிடித்த சத்தம், கேட்டுக்கொண்டிருந்தது. கொடியில் வரிசையாகத் துணிகள். பெரியவனின் கால்சட்டைக்கும் சின்னவளின் கவுனுக்கும் நடுவில் ஒரு துண்டு நீலத் துணி, அலசிப் பிழிந்து, கிளிப் மாட்டித் தொங்கியது. அதில் முடிச்சு விழுந்த இடம் இன்னும் சுருங்கியிருந்தது.

மூடிய கை, பழக்கதோஷத்தில், கிழிசலையும் கட்டிவிட்டுத்தான் இறங்கி வந்திருக்கிறது. செய்த குற்றத்துக்குக் கீழே கையெழுத்தும் போட்டுவிட்டு வந்திருக்கிறார்.

மகள் இன்னொரு கவுனை உதறிக்கொண்டிருந்தாள்.

"கை தவறி..." என்று ஆரம்பித்தார்.

"கை தவறி முடிச்சும் விழுந்துடுச்சாப்பா?"

அவருக்கு வாய் உலர்ந்தது. இத்தனை தண்ணீர் விழும் சத்தத்துக்கு நடுவில் ஒரு வாய் தண்ணீர் கிடைத்தால் தேவலை போலிருந்தது.

"உங்க மேல சத்தம் போடணும்னு தான் நின்னேன்," என்றாள் மகள். "அம்மா முழங்காலைப் புடிச்சிட்டுப் படியேறினதை நெனச்சா போட்டிருப்பேன். ஆனா புள்ளைங்க கீழ தாத்தா தாத்தான்னு குதிக்குதுங்க. அதுங்ககிட்ட என்னன்னு சொல்றது? அதான் நீங்க சரி பண்ணதா சொல்லிட்டேன்."

"இல்லம்மா..."

"முடியலன்னா முடியலன்னு சொல்லக்கூடாதாப்பா? நானென்ன வெளியாளா?"

எப்படிச் சொல்வது? வருடம் பூராவும் வா வா என்று கூப்பிட்டுவிட்டு, வந்தபின் போ என்று எந்த வாயால் சொல்வது? அவர் கொடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். துணிகள் ஆடின.

மகள் கொஞ்சம் தயங்கிவிட்டுக் கேட்டாள். "ஒண்ணு கேட்கட்டுமா? நான் சின்னதா இருந்தப்போ, லீவுக்கெல்லாம் ஊருக்கே தண்ணி இல்ல, வர முடியாதுன்னு சொல்வீங்களே. அப்போ நெஜமாவே தண்ணி இல்லையாப்பா?"

"நெஜமா இல்லம்மா," என்றார் அவர். "சத்தியமா இல்ல."

அது உண்மை. அவர் வாழ்க்கையில் சொன்ன உண்மைகளிலேயே முழு உண்மை. ஆனால் சொல்லும்போதே காதில் விழுந்தது: மெயினில் கோளாறு என்று சொன்ன அதே குரல், அதே அழுத்தம், அதே முகம். வேறு குரல் அவரிடம் இல்லை.

"சரிப்பா," என்றாள் மகள். நம்பியவள் சொல்லும் சரியா, பேச்சை முடிப்பவள் சொல்லும் சரியா என்று அவருக்குத் தெரியவில்லை. திருப்பிக் கேட்கும் யோக்கியதை இருப்பதாகவும் தோன்றவில்லை.

அவள் கோபித்துக்கொண்டு அன்றைக்கே கிளம்பியிருந்தால் தப்பித்திருப்பார். அவள் கிளம்பவில்லை. முதலில் சொன்ன நாள்வரை இருந்துவிட்டுத்தான் போவேன் என்று இருந்தாள். ஆனால் தினமும் மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் பிள்ளைகளைக் கீழே தையல்காரம்மா வீட்டுக்கோ பூங்காவுக்கோ கூட்டிக்கொண்டு போய்விடுவாள். "தாத்தா தூங்கணும். சத்தம் போடாம செருப்பை மாட்டுங்க." பிள்ளைகள் விரலை உதட்டில் வைத்துக்கொண்டு, பூனை போல அவரைத் தாண்டிப் போகும். அவர் கண்ணை மூடிக்கொண்டு, விழித்தபடியே படுத்திருப்பார். வயிற்றின் மேல் ஏறி யாரும் டிக்கெட் கேட்கவில்லை. ஒருநாள் அவராகவே எழுந்துபோய் நாற்காலிகளை வரிசையாகப் போட்டு, "பஸ் கெளம்புது, யார் வர்றீங்க?" என்று கூப்பிட்டார். பெரியவன் அம்மாவின் முகத்தைப் பார்த்தான். "நீங்க ரெஸ்ட் எடுங்க, தாத்தா," என்றான் பெரிய மனிதனாக.

கிளம்பும் நாள் வந்தது. பேருந்து நிலையத்தில் பைகளை ஏற்றிக் கொடுத்தார். சன்னலோரம் யார் உட்கார்வது என்பதில் பிள்ளைகள் மும்முரமாக இருந்தார்கள். மகள் படியில் நின்றபடி குனிந்து, அவருக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்.

"அடுத்த லீவுக்கு நாலு நாள் மட்டும் வர்றோம்பா. போதுமா?"

குரலில் கோபம் இல்லை. குத்தல்கூட இல்லை. கடைக்காரரிடம் துணி அளவு சொல்வதுபோல நிதானமாகக் கேட்டாள். இப்போது சொல்ல வேண்டும். என்னம்மா பேச்சு இது, ஒரு மாசமும் இருங்க, இது உன் வீடு என்று சொல்ல வேண்டும். பூங்காவில் எந்தத் தாத்தாவைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார். அவர் வாயைத் திறந்தார்.

"ஒரு வாரம் இருங்களேன்," என்றார்.

மகள் அவரையே பார்த்தாள். பிறகு களுக்கென்று சிரித்துவிட்டாள். கண்ணில் தண்ணீரும் வந்துவிட்டது. அது எதன் தண்ணீர் என்று அவர் கேட்கவில்லை. "சரிப்பா. ஒரு வாரம்," என்றாள். இந்தச் சரி வேறு மாதிரி இருந்தது. நடத்துநர் விசிலடித்தார். பெரியவன் சன்னல் வழியாகத் தலையை நீட்டி, பேருந்தில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்கும்படி, "எங்க தாத்தாதான் தண்ணிய சரி பண்ணாரு!" என்று கத்திக்கொண்டே போனான். நிலையத்தில் நின்ற சிலர் திரும்பி, அவரை மரியாதையாகப் பார்த்தார்கள். அவர் செருப்பைப் பார்த்துக்கொண்டார்.

வீடு அமைதியாக இருந்தது. மனைவி சோபாவில் உட்கார்ந்து இரண்டு காலையும் முக்காலியின் மேல் நீட்டி, "அப்பாடா," என்றாள். உள்ளே வந்தவர் அதைக் கேட்டு நின்றார். இருவர் கண்ணும் சந்தித்தன.

"என்ன பார்வை?" என்றாள் மனைவி. "எனக்கும்தான் முடியல. அதுக்காக நானென்ன அடுப்பையா ஒளிச்சு வச்சேன்?"

"உன்கிட்டயும் சொல்லிட்டாளா?"

"அவ எதுவும் சொல்லல. பொண்ணு மாடிக்கு மூஞ்சியச் சிரிச்ச மாதிரி வச்சிட்டுப் போனா, அழுத மூஞ்சியோட எறங்கினா. பின்னாலயே போன புருஷன், திருடன் மாதிரி எறங்கினாரு. இதுக்கு எவனாவது வந்து வெளக்கம் சொல்லணுமா?"

அவர் கதவைச் சாத்தினார். மனைவியின் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் முழங்காலைத் தயக்கத்தோடு பிடித்துவிடத் தொடங்கினார். அவள் காலை இழுத்துக்கொள்ளவில்லை. "கொஞ்சம் கீழ," என்றாள். "இன்னும் கீழ. அங்கதான்." அவர் தலை நிமிராமல் பிடித்துவிட்டுக்கொண்டே இருந்தார்.